பழைய கிட்டாரில் "ஒரிஜினல்" என்றால் என்ன, அதற்கு ஏன் இவ்வளவு விலை?

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு தப்பு பண்ணினேன். அப்போது அமெரிக்காவில் ஆன்சைட்டில் இருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். வாசலில் போட்டிருந்த சாமான்களுக்கு நடுவே ஒரு பழைய யமஹா அக்கூஸ்டிக் கிட்டார். உள்ளே சிவப்பு லேபிள், அதில் எஃப்.ஜி.-180 என்று அச்சு. நாற்பது டாலர் கொடுத்து வாங்கிவந்தேன்.

மேல்பூச்சு வெடித்திருந்தது. ட்யூனிங் கீ எல்லாம் துருப்பிடித்து, திருப்பவே கஷ்டமாக இருந்தது. நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுசாக வார்னிஷ் அடித்தேன். புது ட்யூனிங் கீ வாங்கி, அது உட்கார வேண்டும் என்பதற்காக ஓட்டையைக் கொஞ்சம் பெரிசு பண்ணினேன். பழையதைக் குப்பையில் போட்டேன். கிட்டார் பளபளவென்று ஆகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

சில மாதம் கழித்து, கம்பி உயரத்தைச் சரிபார்க்க கிட்டார் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப்போனேன். உள்ளே எட்டிப் பார்த்து லேபிளைப் படித்தார். வெளியே திருப்பிப் பார்த்தார். "பழைய கீ எல்லாம் எங்கே?" என்று மட்டும் கேட்டார். குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். மேற்கொண்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மௌனம்தான் என்னை இந்த விஷயத்தைப் படிக்க வைத்தது. துருப்பிடித்த கீ, வெடித்த பூச்சு. இதில் போனால்தான் என்ன? உடைந்ததைச் சரிசெய்தால் பொருளின் மதிப்பு கூடத்தானே வேண்டும்? ஏன் குறைகிறது?

ஒரே கிட்டார், இரண்டு விலை

இந்த உலகத்தின் உச்சத்தில் இருப்பது கிப்ஸன் கம்பெனி 1958 முதல் 1960 வரை செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்டு. செர்ரிச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்குக் கரையும் அந்த நிறத்தால் அதற்கு "பர்ஸ்ட்" என்று செல்லப்பெயர். மொத்தமே சுமார் 1,500 கிட்டார்கள்தான் செய்தார்கள். அந்தக் காலத்தில் சரியாக விற்கவில்லை. 1961-ல் கம்பெனியே அந்த வடிவத்தைக் கைவிட்டு, இன்று எஸ்.ஜி. என்று நாம் சொல்கிற வடிவத்துக்கு மாறியது. பிறகு 1960-களின் நடுவில் எரிக் கிளாப்டன், மைக் புளூம்ஃபீல்டு மாதிரி ஆட்கள் அதை எடுத்து வாசிக்க ஆரம்பித்ததும் தேடல் தொடங்கியது. இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்று பல லட்சம் டாலருக்குப் போகிறது.

ஆனால் அந்த விலை, தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே இருக்கும் கிட்டாருக்குத்தான். அதே 1959-ல் செய்த லெஸ் பால், ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் 1972-ல் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார் என்றால், விலை ஏறக்குறைய பாதி. வியாபாரிகள் மத்தியில் இது ரொம்ப நாளாகப் புழங்கும் மனக்கணக்கு. தலைப்பகுதி முறிந்து ஒட்டியிருந்தால் அதற்கும் பெரிய கழிவு உண்டு. பிக்கப் மாற்றியிருந்தால், பெரிய ட்யூனிங் கீ போட ஓட்டையை அகலப்படுத்தியிருந்தால், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கழிவு.

எல்லா மாற்றமும் ஒரே பாவக்கணக்கில் சேர்வதில்லை. ஃபிரெட் என்பது கழுத்தில் பதித்திருக்கும் உலோகக் கம்பி. வாசிக்க வாசிக்கத் தேயும். அதை மாற்றுவது பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற மாதிரி. செய்தே ஆகவேண்டிய பராமரிப்பு என்பதால், ஒழுங்காகச் செய்திருந்தால் பெரிதாக விலை குறையாது. ஸ்க்ரூவைக் கழற்றிப் பழையதைத் திரும்ப மாட்ட முடிகிற மாற்றமும் மன்னிக்கப்படும். மரத்தைக் குடைவது, ஓட்டை போடுவது, பெயின்டைத் தேய்ப்பது ஆகியவைதான் பெரிய குற்றம். காரணம் எளிது. ஆறப்போட்டாலும் மரம் திரும்ப வளராது.

சத்தத்துக்காகவா?

எந்த ரசிகரைக் கேட்டாலும் முதலில் சொல்வது சத்தத்தைத்தான். பழைய மரம் உலர்ந்து லேசாகிவிட்டது, பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மெல்லியது, பழைய பிக்கப் கையால் சுற்றியது. இப்படிப் போகும்.

இதில் கொஞ்சம் உண்மை இருக்கு. பி.ஏ.எஃப். என்று புகழ்பெற்ற பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிப்ஸனில் வேலைபார்த்த சேத் லவர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து, மின்சார இரைச்சலை அடித்துவிடும் உத்தி. 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959-ல்தான் கிடைத்தது. இடையில் பிக்கப்பின் அடியில் "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது" என்ற பொருளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் பி.ஏ.எஃப். காயில் சுற்றுவதில் எண்ணிக்கை துல்லியமாக இல்லை. காந்தமும் ஒரே தரத்தில் வரவில்லை. அதனால் ஒவ்வொரு பிக்கப்பும் கொஞ்சம் வேறு மாதிரி ஒலிக்கும்.

ஆனால் இந்த வாதத்தை நான் டீபக் பண்ணிப் பார்த்தபோது ஓர் இடத்தில் உடைந்தது. ஸ்க்ரூவுக்குச் சத்தம் கிடையாது. ட்யூனிங் கீயின் பிளாஸ்டிக் குமிழுக்குச் சத்தம் கிடையாது. கிட்டாரோடு வந்த பெட்டிக்கும், அதற்குள் கிடக்கும் விலைச்சீட்டுக்கும் சுத்தமாகச் சத்தம் கிடையாது. ஆனாலும் இவை எல்லாவற்றுக்கும் தனி விலை உண்டு. பழைய ஃபெண்டர் கிட்டார்களில் பிரிட்ஜை மூட ஓர் உலோக மூடி வரும். வாசிக்கும்போது கைக்கு இடைஞ்சல் என்று கழற்றி வைத்துவிடுவார்கள். பலர் அதைச் சிகரெட் சாம்பல் தட்டப் பயன்படுத்தியதால் அதற்கு "ஆஷ் ட்ரே" என்றே பேர். இன்று அந்த மூடி கூடவே இருந்தால் கிட்டாரின் மதிப்பு கூடும். வாசிக்கும்போது கழற்றித்தான் வைக்கப்போகிறோம், ஆனாலும் அது இருக்க வேண்டும்.

அப்படின்னா பணம் சத்தத்துக்கு மட்டும் போகவில்லை. வேறு எதற்குப் போகிறது?

கிட்டார் ஒரு ஆவணம்

பழைய எலக்ட்ரிக் கிட்டாரை ஒரு நிபுணர் எப்படிப் பரிசோதிக்கிறார் என்று பார்த்தால் விடை புரிய ஆரம்பிக்கும்.

முதலில் வரிசை எண். 1950-களின் கிப்ஸன் சாலிட் பாடி கிட்டாரில் தலையின் பின்புறம் மையால் குத்திய எண்ணில் முதல் இலக்கம்தான் வருஷம். 9 என்று தொடங்கினால் 1959. அடுத்து, ஃபெண்டராக இருந்தால் கழுத்தைக் கழற்றிப் பார்ப்பார். கழுத்தின் அடிப்பகுதியில் பென்சிலாலோ முத்திரையாலோ தேதி இருக்கும்.

பிறகு பின்மூடியைத் திறந்து வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் உள்ள எண்ணைப் படிப்பார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். உதாரணமாக 304-6034 என்று இருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் கம்பெனியின் குறியீடு. 60 என்பது 1960. 34 என்பது அந்த வருஷத்தின் 34-ஆவது வாரம். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். கம்பெனி. அறுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ போட்ட டைம்ஸ்டாம்ப், இன்னும் அப்படியே இருக்கு!

ஆனால் லாக் ஃபைலைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், டைம்ஸ்டாம்பையும் அப்படியே நம்பக் கூடாது. அந்த வாரத்துக்கு முன்னால் கிட்டார் செய்யப்படவில்லை என்பதைத்தான் அது சொல்லும். ஃபெண்டர் 1966-ல் இந்தப் பாகங்களை மொத்தமாக வாங்கிக் குவித்ததால், அதற்குப் பிறகு சில வருஷங்கள் வரை செய்த கிட்டார்களிலும் 1966 தேதிதான் வரும். எனவே ஒரு சாட்சி போதாது. எண், கழுத்துத் தேதி, கன்ட்ரோல் குறியீடு, பெயின்ட், சால்டரிங் எல்லாம் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

பெயின்டுக்கு புற ஊதா விளக்கு. வயசான நைட்ரோசெல்லுலோஸ் அந்த வெளிச்சத்தில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பிற்காலத்தில் தொட்டு அடித்த இடம் வேறு மாதிரி தெரியும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் ஃபெண்டர் 5 சதவீதம் கூடுதலாக வாங்கிக்கொண்டு கார் பெயின்டில் தனி நிறம் அடித்துக்கொடுத்தது. லேக் பிளாசிட் ப்ளூ, ஃபியஸ்டா ரெட் எல்லாம் அப்படி வந்தவை. சில சமயம் ஏற்கெனவே சன்பர்ஸ்ட் அடித்திருந்த உடலின் மேலேயே தொழிற்சாலையில் அந்த நிறத்தை அடித்துவிடுவார்கள். ஆகவே கீழே வேறு நிறம் தெரிந்தாலே "ரீ-பெயின்ட்" என்று முடிவுகட்டவும் முடியாது.

இப்போது யாரோ ஒருவர் வால்யூம் கன்ட்ரோலை மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கிட்டார் முன்னைவிட நன்றாகவே வேலைசெய்யும். ஆனால் ஒரு சாட்சி போய்விட்டது. சால்டரிங்கைக் கலைத்ததால் மற்ற சாட்சிகள் மேலும் சந்தேகம் விழுந்துவிட்டது. சேகரிப்பாளர்கள் "சால்டர் தொடாதது" என்பதை ஒரு பட்டம் மாதிரி சொல்வது இதனால்தான். உருகாத ஈயம் என்பது உடைக்காத அரக்கு முத்திரை.

ஒரிஜினல் பெயின்ட், சிங்கிள் ஓனர்

நம் ஊர் பழைய கார் விளம்பரம் எதைப் பார்த்தாலும் "ஒரிஜினல் பெயின்ட், சிங்கிள் ஓனர்" என்று இருக்கும். புது பெயின்ட் அடித்த கார் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வாங்குகிறவர் மனசில் முதலில் வருவது, "எங்கே போய் இடிச்சாங்களோ!"

ஜார்ஜ் அக்கெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்தே ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் கிடைக்க அந்த ஆய்வுதான் காரணம். விற்கிறவருக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லாப் பொருளுக்கும் சந்தேகத்தைக் கழித்தே விலை சொல்வார் என்பது அதன் சாரம்.

பழைய கிட்டார் சந்தைக்கு இது அப்படியே பொருந்தும். லட்சக்கணக்கான டாலர் புழங்கும் இடத்தில் போலிகள் வராமல் இருக்குமா? 1952 முதல் 1957 வரை கிப்ஸன் செய்த தங்க நிற லெஸ் பால் உடலும் ஏறக்குறைய அதேதான். ஆனால் விலை பர்ஸ்டின் விலையில் ஒரு பங்குகூட வராது. அதைத் தேய்த்து, சிவப்பு-மஞ்சள் அடித்து, பி.ஏ.எஃப். மாட்டினால் பார்வைக்கு பர்ஸ்ட். இது மாற்றியமைத்த கிட்டார் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவர்களும் உண்டு. இரண்டு மூன்று கைமாறிய பிறகு அந்த உண்மை கூடவே வருமா என்பதுதான் கேள்வி.

ஆக, தொடப்படாத கிட்டாருக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் பெரும் பங்கு நம்பிக்கைக்கான விலை. என் முடிவு இதுதான்: "ஒரிஜினல்" என்ற சொல் இந்தச் சந்தையில் கிட்டார் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைவிட, அதைப் பற்றி நமக்குச் சொல்லப்படுவதை எவ்வளவு நம்பலாம் என்பதையே அளக்கிறது.

விதிவிலக்குகள் சொல்லும் உண்மை

இந்த முடிவு சரியா என்று சோதிக்க ஒரு வழி இருக்கு. நம்பிக்கை வேறு வழியில் கிடைத்துவிட்டால், ஒரிஜினல் என்பது தேவையில்லாமல் போக வேண்டும். போகிறதா?

எரிக் கிளாப்டனின் "பிளாக்கி"யைப் பாருங்கள். 1970-ல் நாஷ்வில்லில் ஒரு கடையில் பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் சிலவற்றை வாங்கினார். ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் மூவருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மிச்சத்தைப் பிரித்து, நல்ல பாகங்களைச் சேர்த்து ஒரு கிட்டார் ஆக்கினார். சந்தையின் விதிப்படி அது பாகம் சேர்த்த கிட்டார், மதிப்பில் கடைசி வரிசை. 2004-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது.

டேவிட் கில்மோரின் கருப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் இன்னும் மோசம். கழுத்தைப் பலமுறை மாற்றினார். பிக்கப்பை மாற்றினார். வேறு ஒரு பிரிட்ஜ் மாட்டுவதற்காக உடலைக் குடைந்தார். 2019 ஜூனில் அது 39,75,000 டாலருக்கு விற்றது. அவர் வாசித்த படங்களும் பதிவுகளும் வருஷவாரியாக இருப்பதால், ஒவ்வொரு மாற்றமும் சந்தேகத்துக்குப் பதில் சாட்சியாகவே மாறிவிட்டது. அந்தக் குடைவை யாராவது அடைத்துச் "சரிசெய்தால்" அழியப்போவது வரலாறுதான்.

பீட்டர் கிரீன் வாசித்த 1959 லெஸ் பாலில் ஒரு பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருக்கிறது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் மூக்கடைத்த மாதிரி ஒரு தனி ஒலி வரும். பொறியியல் கணக்கில் அது ஒரு பக். ஆனால் கேரி மூர், இப்போது கிர்க் ஹாம்மெட் என்று கைமாறிய யாரும் அதைச் சரிசெய்யவில்லை.

வயலின் உலகம் இன்னொரு பாடம். ஸ்ட்ராடிவாரி 1737-ல் இறந்தார். அவருடைய வயலின்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கழுத்து பிற்காலத்தில் நீட்டப்பட்டோ மாற்றப்பட்டோ இருக்கிறது. உள்ளே இருக்கும் பாஸ் பாரையும் மாற்றியிருக்கிறார்கள். இசையும் அரங்கமும் பெரிதானபோது வயலினும் அதற்கேற்ப மாறியாக வேண்டியிருந்தது. இதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. ஆனால் அவர் பூசிய வார்னிஷைச் சுரண்டினால் மதிப்பு விழும். அங்கேயும் கோடு இருக்கிறது, போட்ட இடம்தான் வேறு.

தழும்பு அழகு, ஒட்டு அசிங்கம்

இன்னொரு விசித்திரம். வாசித்து வாசித்துத் தேய்ந்த பெயின்டை ரசிகர்கள் கொண்டாடுவார்கள். தேய்ந்த இடத்தை மறைக்க அடித்த பெயின்டைத்தான் வெறுப்பார்கள். பர்ஸ்டின் சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும் ரகம். சில கிட்டார்கள் எலுமிச்சை மஞ்சளாகவே மாறிவிட்டன. பிக்கார்டைக் கழற்றினால் அடியில் மட்டும் பழைய சிவப்பு இருக்கும். தொழிற்சாலையை விட்டு வந்த நிறம் அதுவல்ல, இருந்தாலும் அது "ஒரிஜினல்". ஏனென்றால் மாற்றியது காலம். மனிதர் கை வைக்கவில்லை.

இந்த ஈர்ப்பைப் புரிந்துகொண்டு, 1995-ல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் "ரெலிக்" என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. புதுக் கிட்டாரையே தேய்த்து, கீறி, பழசு மாதிரி ஆக்கிக் கூடுதல் விலைக்கு விற்பது. கிண்டல் பண்ணாதவர் இல்லை, ஆனால் நன்றாக விற்கிறது. கையில் எடுத்தால் பழகிய செருப்பு மாதிரி இருப்பதில் ஒரு சுகம் உண்டு. அது ஈர்ப்பு. மதிப்பு வேறு. ரெலிக்கின் தழும்புக்குப் பின்னால் ஒரு தொழிலாளி இருக்கிறார், வாசித்தவர் யாரும் இல்லை.

இதில் நஷ்டம் யாருக்கு?

இந்த விலை ஏற்றம் ஒரு கெட்ட வேலையும் செய்கிறது. ஒரு ஜோடி அசல் பி.ஏ.எஃப். பிக்கப் பல ஆயிரம் டாலர் போகும். அதனால் அவ்வளவு புகழில்லாத அதே காலத்துக் கிட்டார்களைப் பிரித்து, பாகம் பாகமாக விற்பது லாபமான தொழிலாகிவிட்டது. புகழ்பெற்ற ஒரு கிட்டாரை "ஒரிஜினல்" ஆக்குவதற்காக, முழுசாக இருந்த இன்னொன்று கூறுபோடப்படுகிறது. ஒரிஜினலைக் காப்பாற்ற வந்த அளவுகோலே ஒரிஜினலை அழிக்கிறது.

இன்னொன்று, வாசிப்பவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். ஒவ்வொரு கீறலுக்கும் விலை இருக்கும்போது யார் மேடைக்கு எடுத்துப்போவார்கள்? ஆனால் இதிலேயே ஒரு நல்லதும் உண்டு. மறுபெயின்ட் அடித்த, பாகம் மாற்றிய பழைய கிட்டாருக்கு "வாசிப்பவர் தரம்" என்று பேர். அதே மரம், அதே காலம், பாதி விலை. சேகரிக்காமல் வாசிக்க நினைப்பவருக்கு அதுதான் நல்ல பேரம்.

உங்கள் வீட்டில் பழைய கிட்டார் இருந்தால்

நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துடையுங்கள், தேய்க்காதீர்கள். பெயின்ட் எவ்வளவு கேவலமாக இருந்தாலும் கை வைக்காதீர்கள். வாசிக்க முடியாமல் ஒரு பாகம் பழுதாகியிருந்தால் தாராளமாக மாற்றுங்கள், ஆனால் புது ஓட்டை போடாமல் உட்காரும் பாகமாகப் பாருங்கள். கழற்றியதை ஸ்க்ரூ உள்பட ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். மென்பொருள் ஆட்களுக்கு ஒரே வரி: பழசை டெலீட் பண்ணாதீங்க, கமிட் பண்ணுங்க.

என் யமஹா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அது லட்சம் போகிற ரகமில்லை, நான் இழந்த பணமும் அதிகமில்லை. ஆனால் அதை எனக்கு முன்னால் யாரோ நாற்பது வருஷம் வாசித்திருக்கிறார்கள். விரல் பட்டுப் பட்டு மேல்பூச்சில் ஒரு வட்டம் தேய்ந்திருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கு. உப்புத்தாளால் முதலில் தேய்த்தது அந்த இடத்தைத்தான்.

இப்போது பெட்டிக்குள் ஒரு சீட்டு போட்டு வைத்திருக்கிறேன். எந்த வருஷம், என்னென்ன மாற்றினேன், எதைத் தூக்கிப்போட்டேன் என்று எல்லாம் எழுதி, கீழே என் பேரும் போட்டிருக்கிறேன். அடுத்து வாங்குகிறவராவது சந்தேகப்படாமல் வாங்கட்டும்.